விருந்தாளிக் கட்டு

மே 5, ஞாயிறு

திட்ட அலுவலகத்தில் இரண்டு கொப்பிகள் கொடுத்தார்கள். ஒன்று போதும் என்று சொல்ல வாய் வரவில்லை. வாங்கிக்கொண்டேன். ஒன்றில் விறகை எழுதப் போகிறேன். மற்றது எனக்கு.

அறை, கடைத்தெருவில் பலசரக்குக் கடையின் மேல்மாடியில். ஜன்னலைத் திறந்தால் தேயிலைத் தோட்டத்தின் மேல் டிவிஷன் தெரிகிறது. வரிசை வீடுகளாக மூன்று லயங்கள், வேலை நேரத்தில் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பரா, கோயில். எங்கள் தோட்டம் போலத்தான். ஆனால் மலை எதிர்ப்பக்கம் இருப்பதால் காலை வெயில் தவறான இடத்தில் விழுவது போலிருக்கிறது. அறையில் சமைக்கக்கூடாது என்று வீட்டுக்கார அம்மா இரண்டு தடவை சொன்னார்.

தொங்கு தராசை ஜன்னல் கம்பியில் மாட்டிப் பார்த்தேன். என் பை நாலு கிலோ இருநூறு. தலையணை அறுநூறு கிராம். செருப்பையும் நிறுத்தேன். எதைப் பார்த்தாலும் எவ்வளவு இருக்கும் என்று தோன்றுகிறது.

அம்மா போனில், "என்னா வேலைன்னு கேட்டா நான் என்னான்னு சொல்லுறது?" என்றாள்.

"விறகு நிறுக்கிற வேலம்மா."

"அதுக்கா கெம்பஸ் போன?"

பிறகு சிரித்தாள். பிறகு, "என்னா சாப்பிட்ட?" என்றாள். பிஸ்கட் என்றதும் சிரிப்பு நின்றுவிட்டது. இனித் தினமும் கேட்பாள். சாப்பிட்டதையும் இந்தக் கொப்பியில் எழுதி வைத்தால் தடுமாறாமல் பதில் சொல்லலாம்.

மே 6, திங்கள்

பிள்ளைக் காம்பராவில் கூட்டம். கொழுந்து நிறுத்துவிட்டுப் பெண்கள் கூடையோடு நேரே வந்தார்கள். நான் நிமிராமல் தாளைப் பார்த்தே வாசித்தேன். எல்லா நாடுகளும் காற்றில் எவ்வளவு புகை விடுகின்றன என்று அறிக்கை கொடுக்க வேண்டும். நம் நாட்டில் அதை அளக்க ஆளும் கருவியும் போதாததால் வெளிநாடு ஒன்று உதவுகிறது. அதில் ஒரு சின்னப் பகுதி, லயத்து அடுப்புகளில் எரியும் விறகு. இருபத்து நாலு வீடுகள். ஒரு தடவைக்கு ஆறு வீடு. நாலு நாள் மாலையில் வந்து, முந்தின நாள் நிறுத்து வைத்த விறகில் எவ்வளவு மிச்சம் என்று நிறுப்பேன். வழமையான நாள் போலவே சமைக்க வேண்டும்.

"நம்ம அடுப்புப் பொகைய ஒலகம் கேக்குதாடி!" என்றார் முன்வரிசையில் இருந்த சரோஜா அக்கா. வந்தவர்களை எல்லாம் இடம் பார்த்து உட்கார வைத்தவர் அவர்தான்.

"அவுங்க ஊரு கார் பொகைய யாரு நிறுக்கிறா?" என்றது ஒரு குரல்.

அவர்களும் அறிக்கை கொடுப்பார்கள் என்றேன். கொடுப்பார்கள்தான். ஆனால் யார் போய்த் தராசைத் தூக்குவார்கள் என்று எனக்கும் தெரிந்துகொள்ள ஆசை.

கதவோரம் நின்ற ஒல்லியான ஒரு பெண் மட்டும் தாளிலிருந்தே கேள்வி கேட்டார். "வழமையான நாள் மாதிரின்னா, ஒண்ணும் கூட்டாம கொறைக்காமலா மிஸ்?"

"ஆமாங்க."

"யாரு வந்தாலுமா?"

யோசிக்காமல் ஆமாம் என்றேன். கூட்டம் முடிய வேண்டும் என்பதுதான் என் நினைப்பு. பட்டியலில் பார்த்தேன். இந்திராணி, வீடு 5.

மே 7, செவ்வாய்

மதியம் சாப்பாட்டுக் கடை வாசல்வரை போனேன். உள்ளே எல்லா மேசையிலும் ஆண்கள். திரும்பி வந்துவிட்டேன். பசியும் பெரிதாக இல்லை.

வீடு 1, சரோஜா அக்காவுடையது. தராசின் கொக்கியை மாட்டக் குனிந்தபோது கண் கொஞ்சம் இருட்டியது. வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். இந்தக் குளிர் எனக்குப் புதிதல்லவே, ஏன் என்று தெரியவில்லை. அக்கா அடுப்பை மூட்டிவிட்டார்.

படிவத்தில் 'கட்டை, கிளை, வேறு' என்று மூன்றே கட்டம். இங்கே எரிவது பெரும்பாலும் மிலாறு. கவ்வாத்து வெட்டும்போது விழும் தேயிலைக் கிளை. அதற்கு ஓரத்தில் ஒரு கட்டம் போட்டுக்கொண்டேன்.

சாப்பிட்டது: வீடு 1, பாலில்லாத சாயத் தண்ணி, ரொட்டி இரண்டு, சம்பல். வீடு 2, சாயம், கருப்பட்டித் துண்டு. வீடு 3, சாயம், அவித்த மரவள்ளி. வீடு 4, சாயம். வீடு 6, சாயம், ரொட்டி ஒன்று. அம்மாவுக்குச் சந்தோஷம்.

மே 8, புதன்

ஆறு வீட்டில் ஐந்து வீட்டில்தான் உபசாரம், வீட்டுக்கு வீடு நேற்றுச் சாப்பிட்டதேதான். வீடு 5இல் இன்றும் ஒன்றுமில்லை. இந்திராணி அக்கா கையைக் கட்டிக்கொண்டு அடுப்பின் முன்னால் நின்றார். எண்ணைச் சொன்னேன், தலையை ஆட்டினார். அடுப்பு ஆறிக் கிடந்தது.

சரோஜா அக்காவிடம் பேச்சுவாக்கில் சொன்னேன். "அவளா? அவ பச்சத் தண்ணியக்கூட அளந்துதான் ஊத்துவா," என்றார். "புருஷன் கொழும்புல கடையில நிக்கிறான். பிள்ளைக மூணும் இவளுந்தான். அவ வீட்டுக்கு யாரும் போறதுமில்ல, வாறதுமில்ல."

மே 10, வெள்ளி

முதல் ஆறு வீடு முடிந்தது. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு இரண்டு கிலோவுக்கு மேல் எரிகிறது. வீடு 5இல் மட்டும் ஒன்றரை. அதே குளிர், அதே மிலாறு, அதே மாதிரி அடுப்பு. ஏன்?

மே 13, திங்கள்

மழை. ஆறு வீடு, ஆறு சாயம், வீடு 7, 8, 9, 11இல் ஒவ்வொரு ரொட்டி. மதியம் பசிக்கவில்லை.

மே 15, புதன்

சாப்பிட்டது: வீடு 7, சாயம், ரொட்டி. வீடு 8, சோறு, பருப்பு, கீரை. வேண்டாம் என்று சொல்வதற்குள் தட்டு வந்துவிட்டது. வீடு 9, யோகம் அக்கா, சாயம், ரொட்டி இரண்டு, முட்டைப் பொரியல். வீடு 10, சாயம். வீடு 11, சாயம், வடை. வீடு 12, சாயம்.

முட்டை பொரியும்போது நான் மிலாறு ஒடித்துக் கொடுத்தேன். யோகம் அக்கா, "ஒங்க அம்மா என்னா வேல செய்றாங்க மிஸ்?" என்றார்.

"வீட்டுலதான் இருக்காங்க."

அம்மா அந்த நேரம் கொழுந்தை நிறுத்துவிட்டு வெறுங்கூடையோடு திரும்பிக்கொண்டிருந்திருப்பாள். பல்கலைக்கழகத்தில் சேர்ந்த படிவத்திலும் இப்படித்தான் எழுதினேன். இதைக் கேட்ட யோகம் அக்காவின் கையிலும் கொழுந்துக் கறைதான் இருந்தது. யாரிடம் எதை மறைத்தேன் என்று எனக்கே புரியவில்லை.

மே 17, வெள்ளி

கொழும்பிலிருந்து திலக் சேர் பேசினார். எண்களைச் சரிபார்ப்பவர் அவர். குரலில் உற்சாகம். பன்னிரண்டு வீட்டின் சராசரி ஒரு ஆளுக்கு 2.2 கிலோ. அளந்த எண் இல்லாத இடங்களுக்கு எங்கோ வேறு நாட்டில் எடுத்த பொது எண் ஒன்றைப் போடுவார்களாம், 1.1. இதுவரை எங்கள் லயங்களுக்கும் அதைத்தான் போட்டார்கள். எந்த நாட்டு அடுப்போ, அங்கே குளிருமோ குளிராதோ.

"உன் எண் போனால் முதல் தடவையாக உங்கள் மக்களுக்கென்று ஒரு எண் அறிக்கையில் இருக்கும்," என்றார். அந்த வரியை இரண்டு தடவை எழுதிப் பார்த்தேன்.

ஜூன் 5ஆம் தேதி உதவி கொடுக்கும் நாட்டிலிருந்து ஆனெக்க என்ற நிபுணர் சரிபார்க்க வருகிறார். அவருக்குச் சந்தேகம் வந்தால் இருபத்து நாலு வீட்டையும் கழித்துவிடுவார்கள். பழைய 1.1 அப்படியே இருக்கும்.

"வீடு 5 மட்டும் ஒட்டாமல் நிற்கிறது. விறகை ஒளித்து வைத்து எரிக்கிறாளா பார். இல்லாவிட்டால் எடுத்துவிடலாம்."

சரி சேர் என்றேன். நான் வேறென்ன சொல்லியிருக்கிறேன் இதுவரை.

மே 18, சனி

இந்திராணி அக்கா வீட்டுக்குப் போனேன். தராசில்லாமல் பார்த்ததும் முகம் மாறியது. உங்கள் வீட்டு எண் மட்டும் குறைகிறது என்று ஆரம்பித்தேன், முடிக்கத் தெரியவில்லை.

"ஒளிச்சு வச்சிருக்கேனான்னு கேக்குறீங்க."

கட்டிலுக்கடியில் காட்டினார். கோழிக்கூட்டைத் திறந்து காட்டினார். கூரை இடுக்கைக்கூட விடவில்லை. எனக்கு அழுகை வந்தது.

"மிஸ், வழமையான நாள் மாதிரி இருக்கணும்னு வாசிச்சது நீங்கதானே? யாரு வந்தாலுமான்னு கேட்டேன். ஆமான்னீங்க. வழமையான நாளுல என் வீட்டுக்கு யாரு வாறா?"

அடுப்பைப் பார்த்தேன், இன்றும் ஆறிக் கிடந்தது.

"வெறுங்கையோட நாலு நாளு நின்னேன். ஒங்க மொகத்தப் பாத்துக்கிட்டு ஒரு கோப்பச் சாயம் ஊத்தாம நிக்கிறது லேசுன்னு நெனச்சீங்களா? மூத்தவகூட ஏசுனா, ஏம்மா இப்பிடி இருக்கேன்னு."

திரும்பும்போது, "நிறுவை முடிஞ்சிருச்சா?" என்று கேட்டார்.

"இன்னும் பன்னிரண்டு வீடு இருக்கு. ஒங்க வீட்டுலயும் திரும்ப நிறுக்க வேண்டி வரலாம்க்கா."

"அப்ப முடியட்டும்," என்றார். அடுப்புப் பக்கம் ஒரு தடவை பார்த்தார், அவ்வளவுதான்.

படியிறங்கும்போதுதான் புரிந்தது. ஒட்டாமல் நிற்பது வீடு 5 இல்லை. மற்ற பதினொன்றும்தான். நான் போகும் நேரம் யாருடைய அடுப்பும் எரிகிற நேரமில்லை. எனக்காக எரிந்திருக்கிறது. நாட்டின் அறிக்கைக்குள் நான் குடித்த சாயமும் போகப் போகிறது.

மே 19, ஞாயிறு

சரோஜா அக்காவிடம் போய், எனக்காக ஒரு தடவை அடுப்பு மூட்டுங்கள், நிறுக்க வேண்டும் என்றேன். "இதுக்குமா நிறுவை!" என்றார், ஆனால் மூட்டினார். ஆறிய அடுப்பில் ஒரு கோப்பை சாயத்துக்கு 900 கிராம். ரொட்டியும் சேர்ந்தால் இரண்டு கிலோ. சோறு கறி என்றால் மூன்றரை. ஈர மிலாறு பிடிக்கவே பாதி விறகு போகிறது.

"நீங்க எல்லாரும் வேலையால வந்து எப்ப அடுப்பு மூட்டுவீங்க?"

"ஆறரைக்குத்தான். நீ அஞ்சு மணிக்கே வந்து நிக்கிற." இன்று முதல் நான் மிஸ் இல்லை.

"அப்ப ஏன்க்கா மூட்டுனீங்க?"

"மொத நாளு என் படியில கண்ணு இருட்டி ஒக்காந்தியே புள்ள. அன்னைக்கே எல்லா வீட்டுக்கும் சொல்லியனுப்பிட்டேன். இது பகலெல்லாம் ஒண்ணும் திங்காமத் திரியுது, வெறும் வயித்தோட அனுப்பாதீங்கடின்னு."

குளிர்தான் காரணம் என்று சொல்லப் பார்த்தேன்.

மே 20, திங்கள்

வீடு 13இலிருந்து புதிய சுற்று. வீட்டுக்கார அம்மாவிடம் கேட்டு ஒரு பிளாஸ்க்கில் தேநீர் கொண்டுபோனேன். எதுவும் வேண்டாம் என்று சொல்வதை அறையில் பத்துத் தடவை பழகியிருந்தேன்.

வீடு 13இல் அந்த அக்கா பிளாஸ்க்கைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "எங்க வீட்டுத் தண்ணி ஒங்களுக்கு ஆகாதாக்கும்," என்றார். மெதுவாகத்தான் சொன்னார்.

வீடு 14இல் தராசு மாட்ட இடம் காட்டவில்லை. வீடு 15க்கு நான் போகுமுன்பே செய்தி போயிருந்தது. கதவு சாத்தியிருந்தது. உள்ளே ஆள் இருந்தது தெரிந்தது.

எங்கள் லயத்துக்கு வந்துபோன துரைவீட்டு அம்மா ஒருத்தி இப்படித்தான் சொந்தப் போத்தலில் தண்ணீர் குடித்தாள். அம்மா அதை இன்றும் சொல்வாள். இன்று நான் அவள்.

சாப்பிட்டது: பிளாஸ்க் தேநீர்.

மே 21, செவ்வாய்

சரோஜா அக்கா மூன்று லயத்துப் பெண்களையும் பிள்ளைக் காம்பராவுக்கு வரச்சொல்லிவிட்டார். நான் நடுவில் நின்று பேச வேண்டியிருந்தது. தாளில்லாமல். சாயத்துக்கும் விறகு எரிகிறது, அது உங்கள் அன்றாடச் செலவு மாதிரி எழுதப்படுகிறது, நான் வராத நாளில் அது எரியாது என்று சொன்னேன். இரண்டு இடத்தில் தடுமாறினேன். ஆனால் கேட்டார்கள்.

"அதுக்காக வந்த புள்ளைக்கு ஒண்ணும் குடுக்காம அனுப்புறதா?" என்றார் வீடு 13.

"குடுக்க வேணாம்னு அது சொல்லல. சேத்து எழுதாதன்னுதான் சொல்லுது," என்றார் யோகம் அக்கா. "இவளுக்குன்னு ஒரு சின்னக் கட்டு தனியா வச்சிட்டா என்னா? இவளுக்கு எரிக்கிறத அதுலருந்து எடு. அதத் தனியா நிறுக்கட்டும்."

படித்த என் மூளைக்கு இது ஏன் வரவில்லை?

சிவப்புத் துணியால் கட்டிய சின்னக் கட்டு ஒவ்வொரு வீட்டிலும். கொப்பியில் புதிய கட்டம் போட்டு 'விருந்தாளிக் கட்டு' என்று எழுதினேன். நேற்றைய நிறுவையைக் கழித்துவிட்டு இந்தச் சுற்றை இன்றிலிருந்து தொடங்குகிறேன். வீடு 15இல் கதவைத் திறந்தார்கள்.

மே 22, புதன்

மதியம் சாப்பாட்டுக் கடைக்குள் போனேன். சோறு கேட்டேன். கொடுத்தார்கள். அவ்வளவுதான் விஷயம்.

மே 27, திங்கள்

போட்டி வந்துவிட்டது. "என் சேப்புக் கட்டு ரெண்டரக் கிலோ போச்சு, ஒன்னோடது?" என்று தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் கேட்டுக்கொள்கிறார்கள். மதியம் சாப்பிட்டேன் என்றாலும் யாரும் நம்புவதில்லை.

மே 31, வெள்ளி

முடிந்தது. விருந்தாளிக் கட்டைக் கழித்துப் பார்த்தால் பின் பன்னிரண்டு வீட்டின் சராசரி 1.7. முன் பன்னிரண்டு வீடு இன்னும் 2.2இல் நிற்கிறது. அவற்றைத் திருத்த வேண்டுமானால், எந்த நாள் எந்த வீட்டில் எனக்காக என்ன சமைத்தார்கள் என்று தெரிய வேண்டும்.

அது ஒரே ஒரு இடத்தில்தான் எழுதியிருக்கிறது.

ஜூன் 4, செவ்வாய்

பதினொரு வீடு, மூன்று நாள் வீதம் முப்பத்து மூன்று வரிகளைத் தனித்தாளில் பெயர்த்தேன். நாலாம் நாள் கடைசி நிறுவைக்குப் பிறகு சாப்பிட்டது கணக்கில் வராது. ஒவ்வொன்றுக்கும் சரோஜா அக்கா அடுப்பில் நிறுத்த எடையைப் போட்டுக் கழித்தேன். 1.7க்கு இறங்கியது. தராசும் கொப்பியும் தனித்தனி வழியில் போய் ஒரே இடத்துக்கு வந்து நிற்கின்றன. மூன்று தடவை கூட்டிப் பார்த்தேன்.

ஆனால் நாளைக்கு மூலக் கொப்பியைக் காட்டு என்பார்கள். தாளை நம்பமாட்டார்கள். யோகம் அக்காவிடம் சொன்ன பொய் இருக்கும் மே 15ஆம் தேதிப் பக்கத்தைக் கிழித்துவிடலாமா என்று பார்த்தேன். கிழித்தால் வீடு 7 முதல் 12 வரை அன்றைய கணக்குப் போய்விடும்.

ஜூன் 5, புதன்

ஆனெக்க உயரமானவர், மழைச் சப்பாத்தோடு வந்தார். பிள்ளைகளின் சின்ன நாற்காலியில் முழங்கால் முகத்துக்கு வர உட்கார்ந்தார். பெண்கள் சுவரோரம். கூடவே வந்த திலக் சேருக்கு என் தாளைப் படித்து முடித்ததும் முகம் இறுகிவிட்டது. "2.2 என்று மேலே சொல்லிவிட்டேனே. இதை ஏன் எனக்கு முன்பே சொல்லவில்லை?"

"பயம் சேர்," என்றேன்.

ஆனெக்க ஆங்கிலத்தில் கேட்டார். மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு வீட்டில் என்ன சாப்பிட்டாய் என்று உனக்கு எப்படித் தெரியும்? நினைவிலிருந்து எழுதியது தரவாகாது.

இந்தக் கொப்பியைப் பையிலிருந்து எடுத்தேன். தேதி, வீட்டு எண், உணவு என்று வாசித்து வாசித்து ஆங்கிலத்தில் சொன்னேன். ரொட்டி, சம்பல், வடை என்ற சொற்கள் வரும்போதெல்லாம் சுவரோரம் அசைந்தது. "வீடு 9, ரொட்டி இரண்டு, முட்டைப் பொரியல்," என்று நான் வாசித்ததும் யோகம் அக்கா எழுந்துவிட்டார்.

"என்னாது ரெண்டா? மூணு! மூணாவதப் பிச்சுப் பிச்சுத் தின்னியே புள்ள!"

"என் வீட்டுக் கீரைய எழுதுனாளா?" என்றது வீடு 8.

"எழுதியிருக்கேன்க்கா!"

என்ன சொல்கிறார்கள் என்று ஆனெக்க கேட்டார். நான் குறைத்து எழுதிவிட்டேன் என்று ஒருவர் முறைப்பாடு செய்கிறார் என்றேன். அவர் சிரிக்கவில்லை. பேனாவை எடுத்தார். வீடு வீடாகக் கேட்கச் சொன்னார். அரை மணி நேரம் என் வயிற்றுக்குள் போனதெல்லாம் சபையில் ஏறியது. இரண்டு இடத்தில் நான் தவறு, மற்றதெல்லாம் சரி.

கொப்பியை வாங்கிப் புரட்டினார். தமிழ் தெரியாது. மே 15ஆம் பக்கத்தில் உணவுக்குக் கீழே இருந்த வரிகளைத் தொட்டு, "இது?" என்றார்.

"அது விறகைப் பற்றியது இல்லை," என்றேன். பிறகு தமிழில், யோகம் அக்காவைப் பார்த்து, "எங்க அம்மாவும் கொழுந்துதான்க்கா எடுக்கிறாங்க," என்றேன்.

"அது ஒன் கை மிலாறு ஒடைக்கிறதுலயே தெரியுதே," என்றார் அவர்.

அதன்பின் ஆனெக்க வீடு 5 யாருடையது என்றார். எல்லாரும் கதவோரம் திரும்பினார்கள். கூட்டத்தில் நான் வாசித்ததைக் கேட்டு அப்படியே செய்தவர் இவர் ஒருவர்தான், இவர் எண் இல்லாவிட்டால் எனக்கு எதுவுமே தெரிந்திருக்காது என்று ஆங்கிலத்தில் சொல்லி, தமிழிலும் சொன்னேன்.

"ஏண்டி, இத அன்னைக்கே சொல்லித் தொலைச்சா என்னா?" என்றார் சரோஜா அக்கா.

"நீ வந்து கேட்டியா?" என்றார் இந்திராணி அக்கா.

சரோஜா அக்கா கொஞ்சம் நகர்ந்து வாங்குப் பலகையில் இடம் விட்டார்.

ஜூன் 19, புதன்

திலக் சேரிடமிருந்து செய்தி. 1.7 ஏற்கப்பட்டது. தோட்ட லயங்களுக்குத் தனி வரி. இந்திராணி அக்கா வீடும் உள்ளே. அடிக்குறிப்பு ஒன்று: 'கணக்கெடுப்பாளரை உபசரிக்க எரித்த விறகு கழிக்கப்பட்டுள்ளது.' இனி எல்லா மாவட்டத்திலும் அந்தக் கட்டம் இருக்குமாம்.

அம்மாவிடம் சொன்னேன். "நீ குடிச்ச சாயத்தப் பத்தி ஒலகத்துக்கே எழுதிட்டாங்களா?" என்றாள். பக்கத்து வீட்டுக்குக் கேட்கட்டும் என்றே சத்தமாகச் சொன்னாள் என்று நினைக்கிறேன்.

ஜூன் 21, வெள்ளி

பௌர்ணமி, போயா விடுமுறை. எல்லா வீட்டுக்கும் சொல்லிவிட்டுப் போகப் போனேன். வீடு 5 கடைசி. முற்றத்தில் சரோஜா அக்காவின் செருப்பு கிடந்தது.

"நிறுவை முடிஞ்சிருச்சா?" என்றார் இந்திராணி அக்கா, வாசலிலேயே.

"முடிஞ்சிருச்சுக்கா."

"தராசு?"

"கொழும்புக்கு அனுப்பிட்டேன்."

"அப்ப ஒக்காரு புள்ள," என்றார். முன்பே உடைத்து அடுக்கி வைத்திருந்தார். காய்ந்த மிலாறு, ஒரு தடவை ஊதியதும் பிடித்தது.

சாப்பிட்டது: வீடு 5, சாயத் தண்ணி இரண்டு கோப்பை, ரொட்டி மூன்று, மாசிச் சம்பல், நெத்தலிப் பொரியல், பிறகு மறுபடி சாயம்.

விறகு: நிறுக்கவில்லை.